குழுக்களை ஒப்பிட எந்த வரைபடம்? ஆர் மொழியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆர் மொழியில் வரைபடம் போடுவது கஷ்டமில்லை, ஒரு வரி எழுதினால் வந்துவிடும். எந்தப் படத்தைப் போடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆய்வு மாணவர்களும் அலுவலகத்தில் தரவோடு மல்லுக்கட்டுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஆர் மொழியோடோ அதன் தொகுப்புகளோடோ கிடைக்கும் தரவுகள். படித்துக்கொண்டே நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

அடிக்கடி வரப்போவது பென்குயின் தரவு. அண்டார்டிகாவின் பால்மர் தீவுக்கூட்டத்தில் 2007 முதல் 2009 வரை கிறிஸ்டன் கோர்மன் குழுவினர் அளந்த 344 பறவைகள். அடேலி 152, ஜென்டூ 124, சின்ஸ்டிராப் 68 என மூன்று இனங்கள். முன்பு ‘பால்மர்பென்குயின்ஸ்’ தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. 2025இல் வந்த ஆர் 4.5.0 முதல் இந்தத் தரவு மொழியோடு சேர்ந்தே வருகிறது.

எந்தப் படம் என்று முடிவு செய்ய எங்கிருந்து தொடங்குவது?

யாரை யாரோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்பதை முதலில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். “ஒவ்வோர் இனத்திலும் ஆண், பெண் எடை எவ்வளவு வேறுபடுகிறது?” என்பது ஒரு கேள்வி. “பெண் பறவைகளில் எந்த இனம் கனமானது?” என்பது வேறு கேள்வி. தரவு ஒன்றுதான், ஆனால் படம் மாறும். முதல் கேள்விக்கு ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டாவதற்கு மூன்று இனங்களின் பெண் பறவைகள் ஒன்றாக நிற்க வேண்டும். எவற்றை ஒப்பிடச் சொல்கிறீர்களோ அவை அடுத்தடுத்து, ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்பதுதான் முதல் விதி.

ஒரே அச்சு என்று வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவான ஓர் அளவுகோலில் புள்ளிகள் நிற்கும் இடத்தைத்தான் மனிதக் கண் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறது என்று காட்டினார்கள். நீளம், கோணம், பரப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். வட்ட விளக்கப்படம் குழு ஒப்பீட்டுக்கு ஏன் உதவாது என்பதற்கும் இதுதான் பதில்: அது கோணத்தையும் பரப்பையும் படிக்கச் சொல்கிறது.

சராசரிக்குப் பட்டை போட்டால் என்ன தப்பு? எல்லோரும் அப்படித்தானே போடுகிறார்கள்?

எல்லோரும் போடுகிறார்கள் என்பது உண்மை. டிரேசி வைஸ்கெர்பர் குழுவினர் உடலியல் ஆய்விதழ்களில் வந்த 703 கட்டுரைகளை அலசி, 2015இல் ‘பிளாஸ் பயாலஜி’ இதழில் இதே குறையைத்தான் சுட்டிக்காட்டினார்கள். தொடர் அளவுகளைப் பட்டையாகச் சுருக்கினால், முற்றிலும் வேறான தரவுகள்கூட ஒரே படமாகத் தெரியும்.

பென்குயின்களிலேயே பாருங்கள். சராசரி எடை அடேலிக்கு 3701 கிராம், சின்ஸ்டிராப்புக்கு 3733, ஜென்டூவுக்கு 5076. மூன்று பட்டை போட்டால் முதல் இரண்டும் ஏறக்குறைய சம உயரத்தில் நிற்கும். “அடேலியும் சின்ஸ்டிராப்பும் எடையில் ஒன்றுதான்” என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். இப்போது பட்டையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பறவையையும் ஒரு புள்ளியாகப் போட்டு, பாலினத்துக்கு ஒரு நிறம் கொடுங்கள். அடேலியில் பெண்களின் சராசரி 3369, ஆண்களுடையது 4043. சின்ஸ்டிராப்பில் 3527, 3939. அதாவது அடேலியில் ஆண்-பெண் இடைவெளி 670 கிராமுக்கு மேல், சின்ஸ்டிராப்பில் 410 கிராம் அளவுதான். சின்ஸ்டிராப் பெண் அடேலி பெண்ணைவிடக் கனம், சின்ஸ்டிராப் ஆணோ அடேலி ஆணைவிட லேசு. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால்தான் மொத்தச் சராசரி சமமாக வந்து நிற்கிறது. பட்டை பொய் சொல்லவில்லை, ஆனால் உயிரியலில் முக்கியமான விஷயத்தை மறைத்துவிட்டது.

இன்னொன்று, பட்டை பூஜ்யத்திலிருந்து தொடங்கியாக வேண்டும். பூஜ்யம் கிராமிலிருந்து 2700 கிராம் வரை இந்தத் தரவில் ஒரு பறவைகூட இல்லை. படத்தில் பெரும்பகுதி மை அந்தக் காலி இடத்துக்குத்தான் செலவாகிறது.

அப்படியானால் பட்டை வரைபடத்தையே விட்டுவிடலாமா?

வேண்டாம். எண்ணிக்கைக்குப் பட்டைதான் சரி. 152, 68, 124 என்று எண்ணிக் காட்டும்போது பூஜ்யத்திலிருந்து தொடங்குவதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆர் மொழியின் வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்2இல் ‘ஜியோம் பார்’ வரிசைகளைத் தானே எண்ணிக்கொள்ளும். நீங்கள் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தால் ‘ஜியோம் கால்’ பயன்படுத்துங்கள். புதியவர்களுக்கு வரும் பாதிப் பிழைச் செய்திகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவைதான்.

பெட்டி வரைபடத்தை எப்படிப் படிப்பது? வெளியே நிற்கும் புள்ளிகளை நீக்கிவிடலாமா?

பெட்டியின் நடுக்கோடு இடைநிலை, அதாவது அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது. கீழ் விளிம்பும் மேல் விளிம்பும் முதல், மூன்றாம் கால்மானங்கள். தரவின் நடுப்பாதி பெட்டிக்குள் இருக்கிறது என்று பொருள். பெட்டி உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் இருக்கும் கடைசி அளவு வரை மீசைக்கோடு நீளும். அதையும் தாண்டியவை தனிப் புள்ளிகள். ஜான் டூக்கி வகுத்த முறை இது.

ஒன்றரை மடங்கு என்பது “இங்கே ஒருமுறை பாருங்கள்” என்று காட்டும் எல்லை மட்டுமே, தவறைக் கண்டுபிடிக்கும் சோதனை கிடையாது. முழுக்க இயல்நிலைப் பரவலில் (மணி வடிவப் பரவலில்) இருக்கும் தரவிலும் சுமார் 0.7 சதவீதம் அந்த எல்லைக்கு வெளியே விழும். ஆயிரம் அளவுகள் இருந்தால் ஏழு புள்ளிகள் வெளியே நிற்பது சாதாரணம். படத்தில் வெளியே நிற்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் அளவை நீக்காதீர்கள். அளக்கும்போது என்ன நடந்தது என்று பதிவேட்டைப் பாருங்கள்.

பெட்டி மறைப்பவை இரண்டு. குழுவில் எத்தனை பேர் என்பது தெரியாது: 10 பேருக்கும் 10,000 பேருக்கும் ஒரே மாதிரிப் பெட்டிதான் வரும். ‘வார்வித்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கினால், பெட்டியின் அகலம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். அப்புறம், தரவில் இரண்டு குவியல்கள் இருந்தாலும் பெட்டி காட்டாது. ஜென்டூ பெண்களின் சராசரி 4680, ஆண்களுடையது 5485. இனத்துக்கு ஒரு பெட்டி போட்டால், இந்த இரு குவியல்களும் ஒரே பெட்டிக்குள் கரைந்துவிடும்.

அதற்கு வயலின் வரைபடம் போதுமே?

அளவுகள் அடர்ந்த இடத்தில் அகன்றும், அரிதான இடத்தில் குறுகியும் வளையும் படம் அது. குழுவுக்கு ஐம்பது, நூறு அளவுகள் இருந்தால் நல்ல தேர்வு. ஜெர்ரி ஹின்ட்ஸேயும் ரே நெல்சனும் 1998இல் முன்வைத்த வடிவம் இது, இரட்டைக் குவியலை நன்றாகவே காட்டும். ஆனால் பத்து அளவுக்கு வயலின் போட்டால், தரவில் இல்லாத வழவழப்பான வளைவுதான் கிடைக்கும். பைத்தான் மொழியில் சீபார்ன் என்ற வரைபடத் தொகுப்பைப் பயன்படுத்துபவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் வயலின், தரவின் கடைசி அளவையும் தாண்டி வால் நீட்டுவதுதான் இயல்பு அமைப்பு. ‘கட்’ மதிப்பைப் பூஜ்யமாக்கினால் தரவோடு நின்றுவிடும். ஜிஜிபிளாட்2 இயல்பாகவே அப்படி வெட்டிவிடுகிறது.

புள்ளிகளைப் பெட்டியின் மேல் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று விஷயங்கள். பெட்டி தன் வெளிப்புள்ளிகளைப் போடும், நீங்கள் சேர்க்கும் புள்ளி அடுக்கும் அதே பறவையை மறுபடி போடும். ஒரு பறவை இரண்டாகத் தெரியும். பெட்டியின் ‘அவுட்லையர் ஷேப்’ என்பதை ‘என்.ஏ.’ ஆக்கிவிடுங்கள்.

அடுத்தது, பலரும் கவனிக்காதது: ‘ஜியோம் ஜிட்டர்’ புள்ளிகளைப் பக்கவாட்டில் மட்டும் கலைப்பதில்லை, மேலும் கீழுமாகவும் நகர்த்தும். இரண்டு திசையிலும் தரவின் மிகச் சிறிய இடைவெளியில் 40 சதவீதம் வரை நகர்த்துவதுதான் அதன் இயல்பு. பென்குயினின் துடுப்பு நீளம் முழு மில்லிமீட்டரில் பதிவானது. அதைக் கலைத்தால் 0.4 மில்லிமீட்டர் வரை அளவே மாறிப்போகும். ‘ஹைட்’ பூஜ்யம், ‘வித்’ 0.15 என்று நீங்களே கொடுத்துவிடுங்கள். குழுக்களின் பெயர் இருக்கும் அச்சில் கலைக்கலாம், அளவு இருக்கும் அச்சைத் தொடவே கூடாது.

கடைசியாக, கலைப்பு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரும். கட்டுரையில் போகும் படம் என்றால் ‘பொசிஷன் ஜிட்டர்’ உள்ளே ‘சீட்’ எண் ஒன்றைக் கொடுத்து நிலைப்படுத்துங்கள்.

இனம், பாலினம் இரண்டையும் சேர்த்துப் பெட்டி போட்டேன். ‘என்.ஏ.’ என்று மூன்றாவது பெட்டி வருகிறது, சின்ஸ்டிராப் பெட்டிகள் மட்டும் குண்டாகத் தெரிகின்றன. ஏன்?

நல்ல கேள்வி. ‘என்.ஏ.’ என்றால் விடுபட்ட மதிப்பு. 11 பறவைகளுக்குப் பாலினம் பதிவாகவில்லை: அடேலியில் 6, ஜென்டூவில் 5, சின்ஸ்டிராப்பில் ஒன்றும் இல்லை. ஜிஜிபிளாட்2 அவற்றைத் தனிக் குழுவாக எடுத்துக்கொள்கிறது. இந்த 11இல் இரண்டுக்கு எடையும் இல்லை. ஆக, அடேலியில் ஐந்து, ஜென்டூவில் நான்கு பறவைகளை வைத்து ஒரு பெட்டி வந்து நிற்கிறது. இரண்டு வரிசைகள் நீக்கப்பட்டதாகத் திரையில் வரும் எச்சரிக்கையும் அந்த எடை இல்லாத பறவைகளைப் பற்றியதுதான். அடேலியிலும் ஜென்டூவிலும் ஒவ்வொன்று.

குண்டாகத் தெரிவதற்கும் காரணம் இதே. ஒவ்வோர் இனத்துக்கும் ஒதுக்கிய அகலத்தை இருக்கும் பெட்டிகளுக்குள் பங்கிடுவதால், மற்ற இனங்களில் மூவர் பகிர்வதைச் சின்ஸ்டிராப்பில் இருவர் பகிர்கிறார்கள். ‘பொசிஷன் டாட்ஜ்2’ உள்ளே ‘ப்ரிசர்வ்’ என்பதற்குச் ‘சிங்கிள்’ என்று கொடுத்தால் அகலம் சமமாகும்.

பாலினம் தெரியாதவற்றை நீக்கிவிட்டு வரைவதில் தவறில்லை. ஆனால் எத்தனை நீக்கினோம் என்று படத்தின் கீழே ஒரு வரி எழுதுங்கள். சத்தமில்லாமல் நீக்குவது வாசகருக்கு நாம் செய்யும் அநியாயம்.

பிழைக்கோடு என்று போடுகிறார்களே, அதில் எதைக் காட்டுவது?

சராசரிக்கு மேலும் கீழும் நீளும் கோடுதான் பிழைக்கோடு. அடேலியை எடுத்துக்கொள்வோம். எடையின் திட்ட விலக்கம் 459 கிராம். அளந்தவை 151 என்பதால் சராசரியின் திட்டப் பிழை சுமார் 37 கிராம். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி சராசரிக்கு இருபுறமும் சுமார் 74 கிராம். மூன்றும் ஒரே மாதிரிக் கோடுகளாகத்தான் தெரியும், நீளத்திலோ ஒன்றுக்கொன்று பன்னிரண்டு மடங்கு வரை வித்தியாசம்.

பறவைகள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்று காட்ட வேண்டுமானால் திட்ட விலக்கம். அதைவிடப் புள்ளிகளையே காட்டுவது மேல். சராசரியை எவ்வளவு துல்லியமாக அறிவோம் என்று காட்ட வேண்டுமானால் நம்பிக்கை இடைவெளி. திட்டப் பிழையை நான் பரிந்துரைப்பதில்லை, கோடு குட்டையாக அழகாக இருக்கிறது என்பதற்காகவே பலரும் அதைப் போடுகிறார்கள். ஜிஜிபிளாட்2இன் ‘ஸ்டாட் சம்மரி’ ஒன்றும் சொல்லாவிட்டால் திட்டப் பிழையைத்தான் வரையும், சீபார்னின் பட்டை 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை வரையும். ஒரே தரவை இரண்டிலும் போட்டுவிட்டு “கோடு ஏன் வேறு மாதிரி வருகிறது?” என்று குழம்புவதற்குக் காரணம் இதுதான். எதை வரைந்தாலும் படத்தின் அடியில் எழுதிவிடுங்கள்.

இரண்டு நம்பிக்கை இடைவெளிகள் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலே வேறுபாடு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். லேசாக மேல் விழும்போதும் சராசரிகளின் வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாக இருக்கலாம்.

ஒரே ஆட்களை இரண்டு முறை அளந்திருக்கிறேன். இரண்டு பெட்டி போட்டால் போதுமா?

போதாது. ஆர் மொழியின் ‘ஸ்லீப்’ தரவைப் பாருங்கள். ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வில்லியம் கோசெட் 1908இல் பயன்படுத்திய தரவு இது: பத்துப் பேர், இரண்டு தூக்க மருந்துகள், எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்ற அளவு. சராசரி முதல் மருந்துக்கு 0.75 மணி, இரண்டாவதற்கு 2.33 மணி. இரண்டு பெட்டிகள் போட்டால் ஒன்றோடொன்று நன்றாகவே கலந்து தெரியும். தனித்தனிக் குழுக்களாக நினைத்துச் சோதித்தால் பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.08 அளவில் வரும்.

இப்போது ஒவ்வோர் ஆளின் இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணையுங்கள். பத்தில் ஒன்பது கோடுகள் மேலே ஏறும், ஒன்று சமமாக நிற்கும், கீழே இறங்குவது ஒன்றுகூட இல்லை. ஒரே ஆளின் இரண்டு அளவுகளை ஒப்பிடும் இணைச் சோதனையில் பி-மதிப்பு 0.003க்கும் கீழே. பெட்டிகள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைக் காட்டின, நாம் கேட்டதோ ஒரே ஆளுக்குள் ஏற்பட்ட மாற்றத்தை. ஜிஜிபிளாட்2இல் ‘ஜியோம் லைன்’ சேர்த்து, ‘குரூப்’ என்பதற்கு ஆளின் அடையாள எண்ணைக் கொடுத்தால் போதும்.

குழு அதிகமாகிவிட்டது. பத்துப் பதினைந்து வகைகள் இருந்தால்?

ஒரே சட்டத்துக்குள் திணிக்காமல் சிறுசிறு கட்டங்களாகப் பிரியுங்கள். இதற்கு ‘லாட்டிஸ்’ தொகுப்பில் இருக்கும் ‘பார்லி’ தரவைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆறு இடங்கள், பத்து பார்லி வகைகள், 1931, 1932 என இரண்டு ஆண்டுகள்: மொத்தம் 120 விளைச்சல் அளவுகள். ரொனால்ட் ஃபிஷர் போன்ற பெரியவர்கள் கையாண்ட பழைய தரவு.

இதை 120 பட்டைகளாக வரைந்தால் ஒன்றும் புரியாது. கிளீவ்லண்ட் இடத்துக்கு ஒரு கட்டமாக ஆறு கட்டங்கள் வைத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் வகைக்கு ஒரு வரிசை, ஆண்டுக்கு ஒரு குறி. ஐந்து இடங்களில் 1931இன் விளைச்சல் பொதுவாக அதிகம். மோரிஸ் என்ற இடத்தில் மட்டும் தலைகீழாக 1932 அதிகம். ஆண்டுகள் இடம் மாறிப் பதிவாகியிருக்கலாம் என்று அவர் சந்தேகித்தார். பல பத்தாண்டுகள் பலரும் அலசிய தரவில் இது யார் கண்ணிலும் படவில்லை. பின்னாளில் கெவின் ரைட் கூடுதல் ஆண்டுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்து, இப்படி ஏறி இறங்குவது அந்த வட்டாரத்தில் இயல்புதான், பதிவுப் பிழை என்று சொல்லிவிட முடியாது என்று காட்டினார். எப்படியிருந்தாலும் கேள்வியை எழுப்பியது அந்த ஆறு கட்டப் படம்தான்.

லாட்டிஸ் தொகுப்பை எழுதியவர் தீபாயன் சர்க்கார். அதில் ‘டாட்பிளாட்’ என்ற ஒரே கட்டளையில் இந்தப் படம் வந்துவிடும். ஜிஜிபிளாட்2இல் ‘ஃபேசெட் ராப்’. கட்டங்களுக்குத் தனித்தனி அளவுகோல் தரும் ‘ஸ்கேல்ஸ் ஃப்ரீ’யை மட்டும் அவசியமில்லாமல் தொடாதீர்கள், ஒப்பிட முடியாமல் போய்விடும்.

சதவீதங்களை ஒப்பிட அடுக்குப் பட்டை சரியா?

இரண்டே பிரிவு என்றால் பரவாயில்லை. மூன்று நான்கு ஆகிவிட்டால், அடியில் இருக்கும் பிரிவை மட்டும்தான் ஒழுங்காக ஒப்பிட முடியும். நடுவில் இருப்பவை ஒவ்வொரு பட்டையிலும் வேறு வேறு உயரத்தில் தொடங்கும்.

பிரிப்பதா சேர்ப்பதா என்பது இன்னும் பெரிய கேள்வி. ‘யூசிபி அட்மிஷன்ஸ்’ தரவு 1973இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆறு பெரிய துறைகளுக்கு விண்ணப்பித்த 4526 பேரைப் பற்றியது. மொத்தமாகப் பார்த்தால் ஆண்களில் 44.5 சதவீதத்துக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 30.4 சதவீதத்துக்குத்தான். துறை வாரியாகப் பிரித்தால் ஆறில் நான்கில் பெண்களின் சதவீதமே கூடுதல். முதல் துறையில் பெண்களுக்கு 82, ஆண்களுக்கு 62. பெண்கள் அதிகம் விண்ணப்பித்தவை இடம் கிடைப்பதே அரிதான துறைகள். முதல் துறைக்கு 825 ஆண்கள், 108 பெண்கள் மட்டுமே. துறைக்கு ஒரு வரிசை, அதில் இரண்டு புள்ளிகள், புள்ளியின் பருமனில் விண்ணப்ப எண்ணிக்கை என்று போட்டால் முழுக் கதையும் ஒரே பார்வையில் தெரியும்.

அச்சின் எல்லையைக் குறைத்ததும் பெட்டியின் வடிவமே மாறிவிட்டது. பிழையா?

பிழையில்லை, ஆனால் ஆபத்தானது. ‘ஒய்லிம்’ கொடுத்தால் எல்லைக்கு வெளியே இருக்கும் அளவுகளை ஜிஜிபிளாட்2 முதலில் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை வைத்துத்தான் இடைநிலையையும் கால்மானங்களையும் கணக்கிடும். பென்குயின் எடைக்கு 3000 முதல் 5000 வரை என்று எல்லை வைத்துப் பாருங்கள். ஜென்டூவின் இடைநிலை 5000. ஆக, அந்த இனத்தில் ஏறத்தாழ பாதிப் பறவைகள் காணாமல் போய், மிச்சமுள்ள லேசான பறவைகளின் பெட்டிதான் வரும். படம் மட்டும் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் ‘கோஆர்டு கார்ட்டீசியன்’ உள்ளே எல்லையைக் கொடுங்கள், கணக்கு மாறாது.

குழுக்கள் அகர வரிசையில் வருகின்றன. மாற்றலாமா?

கட்டாயம் மாற்றுங்கள். மாதம், வயது போல இயல்பான வரிசை இருந்தால் அது. இல்லாவிட்டால் இடைநிலைப்படி ஏறுவரிசை. ‘ரீஆர்டர்’ சார்பு போதும். விடுபட்ட மதிப்புகளை ஒதுக்கச் சொல்ல மறந்தால் வரிசை தப்பாக வரலாம், பென்குயின் தரவிலும் அது நடக்கக்கூடும்.

நிறம்?

சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பி இரு குழுக்களைப் பிரிக்காதீர்கள், நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு அது ஒரே படம். ‘ஒகாபே-இட்டோ’ நிறத்தொகுப்பு ஆர் மொழியிலேயே இருக்கிறது. புள்ளியின் வடிவத்தையும் சேர்த்து மாற்றினால் கறுப்பு-வெள்ளை நகலிலும் புரியும்.

படத்தில் தமிழ் எழுத்துகள் உடைந்து வருகின்றன. என்ன செய்வது?

சாதாரண ‘பி.டி.எஃப்’ கட்டளை தமிழைக் கையாளாது, கட்டம் கட்டமாகவோ புள்ளிகளாகவோ வரும். சில வழிகளில் எழுத்து வந்தாலும் ‘கொ’, ‘கை’ போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும், எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் வேலையை அந்த வழிகள் செய்யாததுதான் காரணம். ‘ராக்’ தொகுப்பை நிறுவி, ‘ஜிஜிசேவ்’ உள்ளே சாதனமாக ‘ஏஜிஜி பிஎன்ஜி’யைக் கொடுங்கள். எழுத்துருவுக்கு ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ கணினியில் இருக்க வேண்டும், ‘தீம்’ உள்ளே அதன் பெயரைக் குறிப்பிட வேண்டும். பி.டி.எஃப் கோப்புதான் வேண்டுமென்றால் ‘கெய்ரோ பி.டி.எஃப்’ முயன்று பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் நீளமாக இருப்பதால் கீழே சாய்த்து எழுதாமல், ‘கோஆர்டு ஃப்ளிப்’ போட்டோ பெயர்களை நேரடியாக ஒய் அச்சில் கொடுத்தோ கிடைமட்டமாக வையுங்கள். கழுத்தைச் சாய்க்காமல் படிக்கலாம்.